மின்பலகையும் ஒரு சோற்றுப் பதமும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் அடுப்படியிற் பிறந்த பழமொழி. உலையிலிட்ட அரிசி வெந்ததோ இல்லையோ என்று அறிவதற்குப் பானையைக் கவிழ்த்துப் பார்ப்பார் எவருமில்லை. அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பார்த்தாற் போதும். சிக்கனமும் அறிவும் ஒருங்கே அமைந்த பரீட்சை அது. ஆயினும் அப்பழமொழிக்குள்ளே சொல்லாமற் சொல்லப்பட்ட நிபந்தனை ஒன்று உண்டு. நசுக்கிப் பார்க்கும் பருக்கை அதே பானையிலிருந்து எடுத்ததாதல் வேண்டும். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. அயல்வீட்டுப் பானையிலிருந்து எடுத்த பருக்கை எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் இந்த வீட்டு உலையைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இன்று உலகெங்கும் புகையிரத நிலையங்களிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் வைத்தியசாலைகளிலும் நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் இலத்திரனியல் அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டு வருகின்றன. எழுத்துகள் ஒளியாய்த் தோன்றி ஒளியாய் மறைவன அவை. அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், எந்த மேடையில் நிற்கும், எந்த வைத்தியரின் அறைக்குச் செல்லவேண்டும் என்றெல்லாம் அவை கூறுகின்றன. வர்ணம் தீட்டிய மரப்பலகையிற் பிழை இருந்தால், அதனை நாட்டிய அன்றே வழிப்போக்கன் ஒருவன் கண்டு சொல்லிவிடுவான். மின்பலகையின் நிலை வேறு. முகப்பிலே கண்ணாடி, அதன் பின்னே ஒரு கணினி, அக்கணினியிலிருந்து தலைமை அலுவலகம் வரை செல்லும் கம்பி அல்லது கம்பியில்லாத் தொடர்பு, அந்த அலுவலகத்திலே செய்தியைப் பதிவுசெய்யும் எழுதுவினைஞர் என நான்கு கூறுகள் சேர்ந்தே அது பேசுகின்றது. நான்கில் ஒன்று பழுதானாலும் பலகை ஊமையாகும். அல்லது, அதனினும் கேடாக, பொய் சொல்லத் தொடங்கும்.

ஆகவே ஐந்நூறு பலகைகளை ஒரே நாளில் நாட்டாது, முதலில் ஐந்தை நாட்டிப் பார்த்துப் பின்னரே ஏனையவற்றுக்குப் பணம் செலவிடுதல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முன்னோடித் திட்டம் என்றும் பரீட்சார்த்த முயற்சி என்றும் அதற்குப் பெயரும் உண்டு. கருத்து வேறுபாடு எழவேண்டிய இடம் பிறிதொன்று. அந்த ஐந்து பலகைகளும் எங்கே நாட்டப்படுகின்றன? பெரும்பாலும் தலைமை அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்திலே. அங்கே வெயில் இல்லை, தூசி இல்லை, மின்சாரம் தடைப்படுவதில்லை. பலகையைப் பார்ப்போரும் அதிலே என்ன எழுதியிருக்கும் என்று முன்னரே அறிந்தவர்கள். நாடாவை வெட்டுகிறார்கள், கைதட்டுகிறார்கள், பரீட்சை முடிந்தது என்று கோவையிலே குறித்துவிடுகிறார்கள். அயல்வீட்டுப் பருக்கை என்பது இதுதான்.

பலகையை மெய்யாகவே பரீட்சித்தவர்கள் யாவர், அவர்கள் என்ன கண்டார்கள் என்பதை அறிய, மின்பலகைக் காலத்துக்குச் சற்று முன்னே செல்லுதல் நன்று.

பிரித்தானியாவின் முதலாவது மோட்டார் நெடுஞ்சாலை, லங்காஷயர் மாகாணத்திற் பிரெஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் எட்டேகால் மைல் நீளமான வீதியாகும். 1958ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆம் திகதி பிரதமர் ஹரல்ட் மக்மில்லன் அதனைத் திறந்து வைத்தார். பின்னே கட்டப்படவிருந்த நீண்ட நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் அது ஒரு பரீட்சைக்களம். திறந்த 46ஆம் நாளில் அந்த வீதியை மூடவேண்டி வந்தது. உறைபனியும் அதைத் தொடர்ந்து வந்த திடீர் உருகலும் வீதியின் மேற்பரப்பைச் சேதப்படுத்திவிட்டன. பத்திரிகைகள் நகையாடின. ஆயினும் பரீட்சை என்ற கண்கொண்டு நோக்கினால் அது நகைப்புக்குரியதன்று. எட்டு மைலிற் கண்ட பழுது எண்ணூறு மைலிற் காணப்பட்டிருந்தால் அந்நாட்டின் திறைசேரி என்ன பாடுபட்டிருக்கும்!

அதே வீதியிலே மற்றொரு பரீட்சையும் நடந்துகொண்டிருந்தது. அதுகாறும் பிரித்தானிய வீதிகளில் இருந்த வழிகாட்டிப் பலகைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. உள்ளூராட்சி மன்றங்கள் நாட்டியவை சில, வாகன ஓட்டுநர் சங்கங்கள் நாட்டியவை சில. மணிக்கு எழுபது மைல் வேகத்திற் செல்வோனுக்கு அவை பயன்படமாட்டா என்று உணர்ந்த போக்குவரத்து அமைச்சு, 1957இல் சேர் கொலின் அண்டர்சன் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு ஜொக் கினியர் என்னும் வடிவமைப்பாளரை அமர்த்தியது. அவர் தமது மாணவியாயிருந்த மார்கரட் கல்வேட் என்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். கினியர் எழுத்தின் அழகிலிருந்து தொடங்கவில்லை. விரைந்து செல்லும் ஓட்டுநர் ஒருவர் அந்தக் கணத்திலே அறிய விரும்புவது யாது என்ற வினாவிலிருந்தே தொடங்கினார். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். பலகையைக் காணவும், வாசிக்கவும், முடிவுசெய்யவும், வேகத்தைக் குறைக்கவும் எத்தனை விநாடி தேவையோ அத்தனை விநாடிக்குரிய தூரத்திலேயே எழுத்து கண்ணுக்குத் தெளிவாதல் வேண்டும். எழுத்தின் அளவை அந்தத் தூரம் தீர்மானிக்கும். எழுத்தின் அளவு பலகையின் அளவைத் தீர்மானிக்கும்.

கணக்கு காகிதத்தில் இருந்தாற் போதுமா? வரைந்த பலகைகளை இருவரும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடமொன்றில் வைத்துப் பார்த்தனர். இலண்டன் ஹைட் பூங்காவிலே மரங்களிற் சாய்த்து வைத்து, எட்ட நின்று வாசிக்க முடிகின்றதா என்று பார்த்தனர். அதன் பின்னரே பிரெஸ்டன் வீதியிலே, மாற்றத்தக்க தற்காலிகப் பலகைகளாக அவை நாட்டப்பட்டன. நீல நிறப் பின்னணியில் வெண்ணிற எழுத்துகள்; முதலெழுத்து மாத்திரம் பெரியதாக, ஏனையவை ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளாக அமைந்தவை.

எதிர்ப்பும் கிளம்பியது. பலகைகள் மிகப் பெரியன, கண்ணுக்கு அழகில்லாதன என்றனர் சிலர். டேவிட் கிண்டர்ஸ்லி என்னும் கல்வெட்டெழுத்துக் கலைஞர், அனைத்தையும் பெரிய எழுத்துகளில், முனைகளிற் சிறு குறுக்குக் கோடுகளுடன் எழுதினால் சிறிய பலகையே போதும் என வாதிட்டார். இத்தகைய வாதங்கள் வழக்கமாகப் பத்திரிகைகளின் கடிதப் பகுதியிலேயே நடந்து, உரத்துப் பேசியவர் வென்றார் என்று முடிவதுண்டு. இங்கே அவ்வாறு நடக்கவில்லை. வீதி ஆராய்ச்சி நிலையத்தினர் ஒக்ஸ்போட் மாகாணத்திலுள்ள பென்சன் விமானத்தளத்திற்கு இருதிறத்து எழுத்துகளையும் கொண்டு சென்றனர். ஓடுபாதையிலே படிமேடை ஒன்று அமைத்து, முன்வந்தோரை அதன்மேல் அமர்த்தினர். பலகைகளைக் கூரையிலே தாங்கிய மோட்டார் வண்டி ஒன்று தொலைவிலிருந்து அவர்களை நோக்கி வந்தது. ஊர்ப் பெயரை எவ்வளவு தூரத்தில் வாசிக்க முடிந்தது என்று குறித்தனர். வாகனத்திலிருப்போன் பலகையை நோக்கி ஓடுவதற்குப் பதிலாகப் பலகையே பார்ப்போனை நோக்கி ஓடியது! எளிய தந்திரமாயினும் செலவு குறைந்தது. பலரை ஒரே வேளையிற் பரீட்சிக்கவும் முடிந்தது.

முடிவு எவரும் எதிர்பாராதது. கிண்டர்ஸ்லியின் எழுத்தே சற்று மேலோங்கியது. ஆனால் வேறுபாடு ஏறத்தாழ 3 சதவீதம் மாத்திரம். அவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டு எதனையும் தீர்மானிக்கலாகாது எனக் கொள்ளப்பட்டது. வாசிப்பிலே இரண்டும் ஏறக்குறைய சமம் என்றாகவே, தோற்றம் முதலிய பிறவற்றைக் கருதிக் கினியர், கல்வேட் ஆகியோரின் எழுத்து நிலைபெற்றது. இந்த முடிவைக் குறைகூறுவோர் இன்றும் உளர். எண் ஒருபுறம் சாய, தீர்ப்பு மறுபுறம் சாய்ந்ததே என்பர். ஆனால் பரீட்சையின் பயன் வெற்றியாளரைக் காட்டுவது மட்டுமன்று. எது பெரிய வேறுபாடு, எது வேறுபாடே அன்று என்பதைக் காட்டுவதும் அதன் பணியே. பலகை அளவிற் பெரும் மிச்சம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதே, அந்த மிச்சத்தை 3 சதவீதம் தாங்காது என்பதைப் பென்சன் ஓடுபாதை வெளிப்படுத்தியது. பின்னர் சேர் வோல்ட்டர் வோபோய்ஸ் தலைமையிலான குழு ஏனைய வீதிகளுக்கும் இம்முறையை விரித்து 1963இல் அறிக்கை தந்தது. 1965ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பிரெஸ்டன் தொடங்கி அந்நாள் வரை ஆறாண்டுகளுக்கு மேல். அவசரப்பட்டிருந்தால் ஆறு மாதத்திலே முடித்திருக்கலாம்; பின்னர் அறுபதாண்டு வருந்தியுமிருக்கலாம்.

பரீட்சை செய்தாலே போதும், முடிவு தானே சரியாக வரும் என்று எண்ணிவிடவும் கூடாது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நடந்த ஒன்று சான்றாகும். அந்நாட்டு நெடுஞ்சாலைப் பலகைகளின் பழைய எழுத்திலே ஒரு குறை காணப்பட்டது. இரவிலே வாகன விளக்கின் ஒளி பலகையின் பிரதிபலிக்கும் பரப்பிற் பட்டுத் திரும்பும்போது எழுத்தைச் சுற்றி ஒளிப் புகார் பரவும். எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டதுபோலத் தோன்றும். முதியோரின் கண்ணுக்கு இது பெருந் தொல்லை. அதனைத் தீர்க்க டொன் மீக்கர், ஜேம்ஸ் மொன்டல்பானோ ஆகியோர் உள்வெளிகள் விரிந்த புதிய எழுத்தொன்றை ஆக்கினர். கிளியர்வியூ என்பது அதன் பெயர். பென்சில்வேனியாவிலும் டெக்சாஸிலும் பரீட்சைகள் நடந்தன. நல்ல பலன் தெரிந்தது. 2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இடைக்கால அனுமதி வழங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனை ஏற்றுப் பலகைகளை மாற்றத் தொடங்கின.

பன்னிரண்டாண்டு அளவிலே, 2016 ஜனவரியில், அதே நிர்வாகம் அனுமதியை மீளப் பெற்றுக்கொண்டது. அது காட்டிய காரணம் கருத்திற் கொள்ளத்தக்கது. ஆரம்பப் பரீட்சைகளில் ஒப்பிடப்பட்ட பழைய எழுத்துப் பலகைகள் வெயிலிலும் மழையிலும் நைந்தவை. புதிய எழுத்தோ, மேலும் நன்கு ஒளிவீசும் புத்தம் புதிய தகட்டிலே பொறிக்கப்பட்டிருந்தது. கண்ட முன்னேற்றம் எழுத்தினாலன்று, தகட்டினாலேயே விளைந்தது என்றது நிர்வாகம். மேலும், இருண்ட பின்னணியில் வெண்ணெழுத்தாக இருந்தபோது குறை தெரியாத அவ்வெழுத்து, வெளிறிய பின்னணியிற் கருமையாக எழுதப்பட்டபோது பழைய எழுத்திலும் பின்தங்கியது. புதிய எழுத்தின் ஆதரவாளர்கள் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு சட்டமன்றம் வரை சென்று, 2018 மார்ச்சில் அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. எவர் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்க்கவேண்டியதில்லை. பழைய பானையில் ஆறிய சோற்றையும் புதுப்பானையிற் சுடுசோற்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்துவிட்டு, அரிசியிலே எது நல்லது என்று கேட்டால் விடை எவ்வாறு கிடைக்கும்? முதற் பரீட்சையின்போதே பழைய எழுத்தையும் புதிய தகட்டிலே எழுதி நாட்டியிருந்தால் பல மாநிலங்களின் அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

இனி மின்பலகைக்கு வரலாம். இங்கே எழுத்தின் தெளிவோடு மற்றொரு பொருளும் பரீட்சிக்கப்பட வேண்டியுள்ளது. அது செய்தியின் மெய்ம்மை. இலண்டன் மாநகரப் பேருந்து நிருவாகம் 1992இல் 18ஆம் இலக்கப் பாதையிலே, தரிப்பிடங்களில் மின்பலகைகளை நாட்டியது. அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று அவை காட்டின. அத்திட்டத்தின் பெயர் கவுண்ட்டவுன். வெம்பிளி, ஹார்ல்ஸ்டன் முதலிய பகுதிகளினூடாகச் செல்லும் நெரிசல் மிக்க பாதை அது. அமைதியான பாதையைத் தேர்ந்து நற்பெயர் வாங்க முயலாமை பாராட்டுக்குரியது. காத்து நின்றோரைக் கேட்டபோது கிடைத்த விடை வியப்பானது. முன்னர் தாம் 11.9 நிமிடம் காத்திருந்ததாக உணர்ந்தவர்கள், பலகை வந்தபின் 8.6 நிமிடமே காத்திருந்ததாக உணர்ந்தார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் காத்திருப்புக் குறைந்துவிட்டது என்றனர். மின்பலகை எந்தப் பேருந்தையும் விரைவாக ஓட்டிவிடவில்லை. வருமோ வராதோ என்ற தவிப்பு நீங்கியதே நேரத்தைச் சுருக்கிவிட்டது. கடிகாரத்தை மாத்திரம் அளந்திருந்தால் திட்டம் பயனற்றது என்று கைவிட்டிருப்பார்கள். அளக்கவேண்டியது மனிதனின் பொறுமையை என்று அறிந்து அளந்தமையே அந்தப் பரீட்சையின் சிறப்பு.

ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. பலகை சொன்னபடி பேருந்து வராவிட்டால், பலகை இல்லாத காலத்துத் தவிப்பிலும் மிகுந்த கோபம் எழும். தொடர்பு அறுந்த வேளையிலே பலகை என்ன செய்யவேண்டும்? கடைசியாகக் கிடைத்த செய்தியையே காட்டிக்கொண்டு நிற்பதா, அல்லது இருண்டு விடுவதா? விற்பனைக்கு வருவோர் இவ்வினாவை விரும்புவதில்லை. பரீட்சார்த்தக் காலத்திலே ஒருநாள் வேண்டுமென்றே தொடர்பைத் துண்டித்துப் பார்ப்பதே இதற்குரிய வழி. ஊமைப் பலகையைப் பயணி மன்னிப்பான்; பொய்ப் பலகையை ஒருமுறை கண்டபின் மெய் சொல்லும் நாளிலும் நம்பமாட்டான். இலண்டனிலே 2009 அளவிற் செய்மதித் துணையோடு ஒவ்வொரு பேருந்தின் இடத்தையும் அறியும் முறை முழுமையாக நிறுவப்பட்டது. 2011இல் மாநகரத்தின் ஏறத்தாழ 19,000 தரிப்பிடங்களுக்கும் உரிய நேரம் கைத்தொலைபேசியிலே கிடைக்கலாயிற்று. பலகை நாட்டப்பட்ட தரிப்பிடங்களோ அவற்றுள் ஒரு சிறு பகுதியே.

மின்பலகைப் பரீட்சையின் மற்றொரு முகத்தை நியூயோர்க் மாநகரம் கண்டது. தெருவோரத்துக் காசுத் தொலைபேசிகளை அகற்றி, அவ்விடங்களிலே உயர்ந்த மின்தூண்களை நாட்டும் திட்டமொன்றை அந்நகரம் மேற்கொண்டது. லிங்க் என வழங்கிய அத்தூணின் இருபுறத்திலும் 55 அங்குலத் திரை. அதில் விளம்பரமும் நகரச் செய்தியும் தோன்றும். விளம்பர வருவாயே திட்டத்தின் செலவைத் தாங்குவது. தூணின் பக்கத்திலே பொதுமக்கள் தொட்டு இயக்கும் சிறு திரை. இலவசமாக நாட்டுக்குள்ளே தொலைபேசலாம், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றலாம், இணையத்திலே எதனையும் தேடலாம். 2016ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூன்றாம் அவெனியூவிலே முதற்றூண்கள் இயங்கத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் நாட்டுவதே நோக்கமாதலால், முதற்றொகுதி பரீட்சார்த்தம் என்றே அறிவிக்கப்பட்டது.

தொழினுட்பம் சரியாகவே இயங்கியது. இயங்கியதே சிக்கலாயிற்று. வழிப்போக்கர் இரண்டு நிமிடம் நின்று முகவரி தேடிச் செல்வர் என்று திட்டமிட்டோர் எண்ணியிருந்தனர். வீடற்ற மனிதருக்கோ அது கட்டணமில்லாத் திரைப்படக் கொட்டகையாகவும் பாட்டுப் பெட்டியாகவும் தோன்றியது. பெட்டிகளையும் இருக்கைகளையும் இழுத்து வந்து தூணின் முன்னே மணிக்கணக்கில் அமர்ந்தனர். ஆபாசப் படங்களைப் பார்த்தோரும் இருந்தனர். கடைக்காரரும் குடியிருப்பாளரும் முறையிட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரிலே இணையத் தேடல் வசதி நீக்கப்பட்டது. தொலைபேசியும் மின்னேற்றமும் ஏனைய சேவைகளும் தொடர்ந்தன.

இதனைத் தோல்வி எனச் சிரித்தவர் பலர். அது முழு உண்மையன்று. பல மாதம் தெருவிலே நின்றதனாலன்றோ இது வெளிப்பட்டது! ஆய்வுகூடத்திலே நூறு முறை பரீட்சித்திருந்தாலும், போக்கிடமற்ற மனிதன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு அத்தூணை எவ்வாறு நோக்குவான் என்பது தெரிந்திராது. அதே வேளையில் ஒன்றையும் மறைக்கலாகாது. திட்டத்தை வரைந்தோரின் மனக்கண்ணில் அந்த மனிதன் இருக்கவேயில்லை. இருக்கை வேண்டி நின்றவனுக்கு நகரம் திரையைக் கொடுத்துப் பின்னர் அதனையும் பறித்துக்கொண்டது. பரீட்சைக்கு யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும்போதே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகின்றது.

இலங்கை நேயர்களுக்கு இந்த இடத்தில் எழக்கூடிய வினா ஒன்றுண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பேசவேண்டிய பலகையை எவ்வாறு பரீட்சிப்பது? 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பொதுப் பலகையிலே தமிழ் இடம்பெறுவது சலுகையன்று, உரிமை. அந்த உரிமை பலகையிலே சிதைந்த எழுத்தாய்த் தோன்றுமானால் அது பாதி உரிமையே.

மலிவான மின்பலகைகள் ஒளிப்புள்ளிகளை அடுக்கி எழுத்தை அமைப்பன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஏழு புள்ளிகள் போதும். அந்தக் கட்டத்துக்குள் ஞகரமும் ணகரமும் அடங்குமா? மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கு மேலே இடம் வேண்டும். உகரக் குறிக்குக் கீழே இடம் வேண்டும். ஒகர ஓகாரக் குறிகளோ எழுத்தின் இருபுறமும் நிற்பவை. கணினியின் உள்ளே எகரக் குறி எழுத்துக்குப் பின்னே சேமிக்கப்படும். கண்ணுக்குத் தோன்றுகையில் முன்னே வரவேண்டும். இதனை அறியாத மென்பொருள் கொம்பை இடம் மாற்றிப் போடும், அல்லது வெறும் வட்டமொன்றைக் காட்டி நிற்கும். இவையனைத்தையும் ஒரே மூச்சிலே பரீட்சிப்பதற்கு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. “கொழும்பு கோட்டை” என்ற பெயரே போதும். கொகரம், ழுகரம், மகரப் புள்ளி, கோகாரம், டகரப் புள்ளி, டையென்னும் ஐகாரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தப் பெயர் சிதையாமல் தோன்றும் பலகை, பெரும்பாலான ஊர்ப் பெயர்களையும் சிதையாமற் காட்டும். விலை பேசுவதற்கு முன்னரே அந்த இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டும்படி விற்பனையாளரைக் கேட்கலாம். காசு செலவில்லாத பரீட்சை.

அடுத்தது நேரம். மூன்று மொழியும் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறித் தோன்றும் பலகையில், ஒவ்வொன்றும் எட்டு விநாடி நிற்பதாக வைத்துக்கொண்டால், தன் மொழி மறைந்த கணத்திலே வந்தவர் அதனை மீண்டும் காணப் பதினாறு விநாடி காத்து நிற்கவேண்டும். அதற்குள் சாதாரண நடையில் இருபது மீற்றருக்கு மேல் நடந்துவிடலாம். தரிப்பிடத்தில் இருப்பவருக்கு இது பெரிதன்று. கையிலே பெட்டியும் இடுப்பிலே குழந்தையுமாக மேடைக்கு ஓடுபவருக்கு அது வண்டியைத் தவறவிடும் நேரம். ஒரே வேளையில் மும்மொழியையும் காட்டினால் இத்தொல்லை இல்லை. ஆனால் எழுத்து சிறுத்துவிடும், எட்ட நின்று வாசிக்க இயலாது. எது நன்று என்பதை அலுவலக மேசையிலிருந்து சொல்ல முடியாது. புகையிரதம் புறப்படும் வேளையிலே, அதே மேடையில், இருவகைப் பலகையையும் நாட்டிப் பார்க்கவேண்டும். கண்ணிற் படலம் வளர்ந்த முதியவரையும், மலைநாட்டிலிருந்து முதன்முறையாக வந்திறங்கிய பெண்ணையும், எழுத்து வாசியாதவரையும் அருகிருந்து கவனிக்கவேண்டும். பலகையைப் பார்த்தபின்னும் அவர்கள் சுமைதூக்குபவரிடம் வழி கேட்கிறார்களா என்பதை எண்ணிக் கொள்ளவேண்டும். பலகை வருமுன் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே எண்ணி வைத்திருத்தல் வேண்டும். இல்லாவிடில் ஒப்பிட ஒன்றும் இராது.

பரீட்சையின் காலமும் கவனத்துக்குரியது. நாட்டிய வாரத்திலே எந்தப் பலகையும் நன்றாகவே ஒளிரும். மேற்கு நோக்கிய பலகையின்மேல் மாலை நான்கு மணி வெயில் விழும்போது எழுத்து தெரிகின்றதா, கண்ணாடியிலே கடற்காற்றின் உப்பும் தூசியும் படிந்த மூன்றாம் மாதத்தில் என்னவாகின்றது, பருவமழையில் மின்சாரம் போய்த் திரும்பியபின் பலகை தானே விழித்துக்கொள்கின்றதா அல்லது ஏணியோடு ஒருவர் வரவேண்டுமா என்பன பின்னரே தெரியும். விற்ற நிறுவனத்தின் பொறியியலாளர் அருகில் நிற்கும் நாட்களை இக்கணக்கிலே சேர்த்தல் தகாது. அவர் ஊர் திரும்பிய பின், நிலையத்து எழுதுவினைஞர் ஒருவரே தனியாகச் செய்தியை மாற்றவேண்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை இரவிலே, வண்டி தாமதமாகிப் பயணிகள் கூடி நிற்கும் வேளையிலே, யாரேனும் அந்த மேடைக்குச் சென்று பலகையை நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.